சிறு கீறலும் பெருங்காவலும்

ரப்பர் பால் வெட்டும்போது விரலில் கத்தி பட்டுச் சிறு கீறல் ஏற்படுகிறது. சோப்பிட்டுக் கழுவித் துணி சுற்றினால், பெரும்பாலும் சில நாட்களில் ஆறிவிடுகிறது. அதே கீறல் கீமோதெரபி பெறும் ஒருவருக்கு உயிராபத்தாக முடியலாம். இவ்வேறுபாடு ஏன்?

கிருமி நுழைந்ததும் முதலில் விரைந்து வருபவை நியூட்ரோஃபில் எனும் வெள்ளையணுக்கள். அவற்றினுள் டிஃபென்சின் எனப்படும் புரதங்கள் முன்னரே ஆயத்தமாக உள்ளன. இவை மிகச் சிறியவை: இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள்; இவற்றில் ஏறத்தாழ 30 மட்டுமே. பாக்டீரியாவின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் மிகுதி. நம் உயிரணுக்களின் வெளிப்புறத்தில் அது குறைவு. நேர் மின்னூட்டம் கொண்ட டிஃபென்சின்கள் ஆகவே கிருமியை நாடி ஒட்டி, அதன் சவ்வைச் சிதைக்கின்றன.

இத்தகைய புரதங்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர் ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் அறிவியலாளர் ராமகிருஷ்ணன் நாகராஜ். 1994-இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருது பெற்றவர். எத்தகைய அமைப்பும் மின்னூட்டமும் இருந்தால் ஒரு புரதத் துண்டு கிருமியைக் கொல்லும், ஆனால் நம் சிவப்பணுக்களை உடைக்காது என்பது அவர் ஆராய்ந்த முக்கியக் கேள்விகளுள் ஒன்று. கிருமியைக் கொல்லும் துண்டுகள் பல நம் அணுக்களையும் தாக்குவதால், இவற்றை மருந்தாக்குவது எளிதன்று. எனவே உடல் தானே உருவாக்கும் காவலைப் பேணுவது முக்கியம்.

கீமோதெரபி மருந்துகள் எலும்பு மச்சையின் செயலைத் தற்காலிகமாகக் குறைக்கின்றன. பெரும்பாலும் மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் நியூட்ரோஃபில்கள் மிகவும் குறைகின்றன. அவை சுமந்து வரும் டிஃபென்சின்களும் உடன் குறைகின்றன. சீழின் பெரும்பகுதி நியூட்ரோஃபில்களே. ஆதலால் இந்நாட்களில் தொற்று ஏற்பட்டாலும் சீழோ வீக்கமோ தென்படாமல் போகலாம். காய்ச்சல் ஒன்றே அறிகுறியாக இருக்கக்கூடும்.

உடனிருந்து கவனிப்போர் நினைவில் கொள்ள வேண்டியவை:

• வீட்டில் வெப்பமானி வைத்திருங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காட்டினால், இரவானாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

• பாரசிட்டமால் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திராதீர்கள். காய்ச்சல் தணியும், தொற்று தணியாது.

• காய்ச்சல் இல்லாமலே குளிர்நடுக்கமோ கடும் சோர்வோ தோன்றினாலும் வாருங்கள்.

• வந்தவுடன், கடைசியாகக் கீமோதெரபி ஏற்றிய தேதியை முதலில் சொல்லுங்கள்.

மச்சை மீண்டதும் நியூட்ரோஃபில்களும் பெருகும். அதுவரை அக்காவலின் இடத்தில் உங்கள் விழிப்பும் எங்கள் மருந்துமே நிற்க வேண்டும்.