அலுமினியப் படகின் உறுதியை அறிவது எப்படி?

கேள்வி: பொன்னேரி போன்ற ஏரிகளிலும் கொள்ளிடத்திலும் பரிசலுக்குப் பதிலாகச் சிறிய அலுமினியப் படகில் மீன் பிடிக்க நினைப்போர், படகின் உடல் உறுதியானதா என்பதை வாங்குமுன் எவ்வாறு அறியலாம்? தகட்டின் கனத்தைக் கேட்டறிந்தால் போதுமா?
— ஒரு வாசகர், ஜெயங்கொண்டம்

பதில்: கனம் இன்றியமையாதது, ஆனால் அது மட்டும் போதாது. முதலாம் இராசேந்திர சோழன் சோழகங்கம் என்ற பெயரில் அமைத்த பொன்னேரியானாலும், பெரம்பலூர் மாவட்டத்தின் விசுவக்குடி, கொட்டரை நீர்த்தேக்கங்களானாலும், மழையை நம்பிய இந்நீர்நிலைகளில் கோடையில் நீர் வற்றும்போது படகு கரையின் கல்பதிப்பிலும் சீமைக் கருவேலக் கட்டைகளிலும் மோதுகிறது. கொள்ளிடத்திலோ மணல்திட்டுகளின் மேல் இழுபடுகிறது. ஆகவே கடற்படகைப் போல அலையைத் தாங்கும் திறனைவிட, ஓரிடத்தில் விழும் அடியையும் ஓயாத தேய்மானத்தையும் தாங்கும் திறனே இங்கு முதன்மையாக ஆராயத்தக்கது.

முதலில் கேட்க வேண்டியது உலோகக்கலவையின் எண். தூய அலுமினியம் மென்மையானது என்பதால், மக்னீசியம் சேர்த்த 5052, 5083 ஆகிய கலவைகளே படகுத் தகட்டுக்கு ஏற்றவை. அவை வலிமையோடு அரிப்பையும் எதிர்த்து நிற்பவை.

அடுத்தது அடித்தகட்டின் கனமும், அதைத் தாங்கும் வங்குகளின் இடைவெளியும். வங்கு என்பது படகின் விலா எலும்பாக அமையும் குறுக்குச் சட்டம். ஏரா என்பது அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு. தகடு வளையாது நிற்கும் விறைப்பு, கனத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், 2 மில்லிமீட்டர்த் தகட்டைவிட 3 மில்லிமீட்டர்த் தகடு மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பானது. எடையோ சதுர மீட்டருக்கு 5.4 கிலோவிலிருந்து 8.1 கிலோவாகவே கூடுகிறது. நீரின் அழுத்தம் பரவலாக விழும்போது, வங்குகளின் இடைவெளியைப் பாதியாக்கினால், தகட்டில் எழும் வளைவுத் தகைவு, அதாவது வளையும்போது உலோகத்துக்குள் உண்டாகும் இழுவிசை, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எனவே வங்குகள் நெருக்கமாக அமைந்த 2 மில்லிமீட்டர்ப் படகு, வங்குகள் விலகி நிற்கும் 3 மில்லிமீட்டர்ப் படகைவிட உறுதியாக இருக்கவும் கூடும். படகைக் கவிழ்த்துவைத்து இரண்டு வங்குகளுக்கு நடுவே உள்ளங்கையால் அழுத்தும்போது தகடு உள்வாங்கி 'டப்'பென்று மீளுமானால், அதன் விறைப்பு போதாது என்று கொள்ளலாம்.

மூன்றாவது இணைப்பு. வெல்டிங் செய்யும்போது எழும் வெப்பம் அருகிலுள்ள தகட்டை இளக்கிவிடுவதால், 5083 கலவையில் நிலையான வளைவு தொடங்கும் வலிமை சுமார் 215 மெகாபாஸ்கலிலிருந்து 125 வரை இறங்கக்கூடும். ஆகவே விரிசலை வெல்டிங் தையலின் மேல் மட்டுமன்றி, அதையொட்டிய ஓரத்திலும் தேட வேண்டும். ரிவெட் அடித்த படகில் வெப்பத்தால் வரும் இக்குறை இல்லையாயினும், மோதலாலும் அதிர்வாலும் ரிவெட்டுகள் தளர்ந்து நீர் கசியும்.

கேள்வி: பழைய படகாயின் வேறு எவற்றைச் சோதிக்க வேண்டும்?

பதில்: ஏராவின் அடியில் முட்டுக் கொடுத்து, படகினுள் நான்கு விரல் உயரத்துக்கு நீர் ஊற்றிச் சிறிது நேரம் விட்டால், கசியும் ரிவெட் வெளிப்புறத்தில் ஈரமாகித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மோட்டார் பொருத்தும் பின்பலகையில் மரம் வைத்திருந்தால், அதைத் தட்டும்போது எழும் மந்தமான ஒலி உளுத்துப்போனதற்கு அறிகுறியாகலாம். வெண்பொடி படிந்த குழிகள் அரிப்பின் அடையாளம். வலையின் ஈயக் குண்டுகளோ பித்தளைப் பொருள்களோ ஈரமான அடித்தகட்டின் மேல் நெடுநாள் கிடந்தால், இரு உலோகங்களுக்கிடையே எழும் மின்வேதி வினையால் அலுமினியமே கரையும் என்பதால், அவ்விடங்களை விளக்கொளியில் உற்று நோக்க வேண்டும். வழவழப்பான ஒடுக்கு அழகுக் குறை மட்டுமே. கூரிய மடிப்புள்ள ஒடுக்கு விரிசலுக்கு வித்தாகும்.

எவ்வளவு உறுதியான உடலும் மூழ்காமைக்கு உறுதி தராது. அலுமினியம் நீரைவிட 2.7 மடங்கு அடர்த்தியானது என்பதால், இருக்கைகளுக்கு அடியில் மிதவை நுரை நிரப்பப்பட்டிருப்பதும், ஏறுவோர் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு உடை இருப்பதும் கட்டாயம். கலவையின் எண்ணையும் அடித்தகட்டின் கனத்தையும் ரசீதில் எழுதித் தர மறுக்கும் விற்பனையாளரிடம், விலை எவ்வளவு மலிவாயினும் வாசகர்கள் படகு வாங்காதிருப்பதே நன்று.