ஓட்டு போடியில், பட்டா மலைமேல்

போடிமெட்டு செக்போஸ்டைத் தாண்டி ஏலத்தோட்டம் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஓட்டு போடிநாயக்கனூர் தொகுதியில். பட்டா இடுக்கி மாவட்டத்தில். நிலமும் விவசாயமும் அரசியல் சட்டத்தின் 7-ஆம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் வருகிறது. ஆக, அந்தத் தோட்டத்துக்குச் சட்டம் எழுதுவது சென்னையில் இருக்கும் 234 பேர் இல்லை, திருவனந்தபுரத்தில் இருக்கும் 140 பேர்.

ரெண்டு இடத்திலும் ஒரே அவைதான். தமிழ்நாட்டு மேலவை 1986 நவம்பர் 1-இல் இல்லாமல் போனது. கர்நாடகத்தில் இன்றும் உண்டு. மேலவை இல்லாத இடத்தில் மசோதாவைச் சலித்துப் பார்க்கும் வேலையைக் குழுக்கள்தான் செய்யவேண்டும். கேரளத்தில் மசோதாவை அறிமுகம் செய்தபின் வழக்கமாகத் துறைவாரிக் குழுவுக்கு அனுப்புவார்கள்; திரும்பி வந்ததும் பிரிவு பிரிவாக எடுத்து ஓட்டு.

நம்ம ஊரில்? 2020 பிப்ரவரி 20. டெல்டாவைப் பாதுகாக்கும் வேளாண் மண்டல மசோதா. நல்ல சட்டம், சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்கே அறிமுகம், அன்றைக்கே நிறைவேற்றம். தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொன்ன தி.மு.க. வெளிநடப்பு செய்தது. முதல்வர் 9-ஆம் தேதி அறிவித்தபோது இருந்த திருச்சி, கரூர், அரியலூர் மசோதாவில் இல்லை. ஏன் விட்டீர்கள் என்று அந்த ஊர் உழவர் கேட்க ஒரு ராத்திரிகூட இடைவெளி இல்லை.

மலைமேல் கதை வேறு. 1964 விதிப்படி ஒப்படை செய்த நிலத்தில் விவசாயம், வீடு என்று சிலதுக்குத்தான் அனுமதி. ஆனால் கடையும் விடுதியும் எழும்பிவிட்டன. அவற்றை வரைமுறைப்படுத்த வந்த நில ஒப்படைத் திருத்த மசோதாவை அவை 2023 செப்டம்பர் 14-இல் நிறைவேற்றியது. ஆளுநர் கையெழுத்து 2024 ஏப்ரல் 27-இல்தான். ஏழு மாசம்! இடையில் ஜனவரி 9-இல் அவர் தொடுபுழா வந்தபோது இடுக்கியில் ஹர்த்தால். அரசியல் சட்டம் 200-ஆம் பிரிவில் ஆளுநர் ஒப்புதல் தரலாம், திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம் என்று இருக்கிறதே தவிர, இத்தனை நாளுக்குள் என்று எழுதவில்லை.

கையெழுத்தோடும் முடியாது. எந்தக் கட்டடம், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் அரசு தனியாக எழுதும் விதிகளில் வரும். பேங்கில் நான் கண்டதும் இதுதான்: சட்டப் புத்தகம் அலமாரியில் இருக்கும், கடனை முடிவு செய்வது சர்க்குலர். நம்மாட்கள் சட்டம் வந்த அன்று பட்டாசு வெடிப்பார்கள், இல்லை கொடி பிடிப்பார்கள். விதி வரும்போது காய் பறிக்கப் போய்விடுவார்கள்.

மசோதா குழுவில் இருக்கும்போதோ, விதி எழுதும்போதோ மனு போகவேண்டும். சாந்தன்பாறைப் பக்கம் தோட்டம் என்றால் உடும்பன்சோலை உறுப்பினரிடம், சின்னக்கானல் என்றால் தேவிகுளம் உறுப்பினரிடம். அங்கே ஓட்டு இல்லையே என்று கூச்சப்பட வேண்டாம், வரி கட்டுகிறோம். சர்வே எண்ணைப் போட்டு, மலையாளத்தில் ஒரு பிரதியும் சேர்த்து எடுத்துப் போங்கள். எழுதித் தர போடியிலேயே ஆள் கிடைக்கும்.