பேங்க்: ஒரு மேடு, ஒரு பெஞ்ச், கொஞ்சம் காசு

'பேங்க்' என்றால் என்ன? இ.இ.இ. மாணவர் கெப்பாசிட்டர் பேங்க் என்பார். சிவில்காரர் ஆற்றங்கரையைச் சொல்வார். ஏரோ மாணவருக்கு அது விமானம் சாய்ந்து திரும்புவது. வீட்டுல கேட்டா, பாஸ்புக்கை எடுத்து நீட்டுவாங்க!

தமிழ் மீடியத்தில் படித்து வந்த பலருக்கு இங்கேதான் சிக்கல். பாடம் புரியாமல் இல்லை. தெரிந்த வார்த்தை தெரியாத அர்த்தத்தில் வந்து தடுக்குது. அதுக்காக எல்லா அர்த்தத்தையும் மனப்பாடம் பண்ணணுமா? வேண்டாம். வார்த்தை வந்த வழியைப் பார்த்தாலே போதும்.

பழைய ஜெர்மானிய மொழிகளில் மேடு, உட்காரும் பலகை இரண்டையும் குறித்த ஒரு வேர்ச்சொல் இருந்தது. அது மூன்று வழிகளில் ஆங்கிலத்துக்கு வந்தது.

முதல் வழி, ஸ்காண்டிநேவிய மொழி. இங்கே பொருள் 'மேடு'. ஆற்றின் ஓரத்து மேடு ரிவர் பேங்க். கட்டிய மேடு எம்பேங்க்மென்ட். ரோடு வளைவில் வெளி ஓரத்தை மேடாக்கினால் அது பேங்கிங். விமானம் ஒரு இறக்கையைத் தூக்கித் திரும்புவதும் அதே சாய்வுதான்.

இரண்டாவது, பிரெஞ்சு. இங்கே பொருள் 'பெஞ்ச்'. துடுப்புக் கப்பல்களில் துடுப்பு போடுறவங்க வரிசையா உட்கார்ந்த பலகை அது. பலகை போய் வரிசை மட்டும் நின்றது. கெப்பாசிட்டர் பேங்க், ஃபில்டர் பேங்க் எல்லாம் இப்படி வரிசையாக நிற்பவைதான்.

மூன்றாவது, இத்தாலி. நாணயம் மாற்றும் வியாபாரிகள் காசை வைத்த பெஞ்சுக்கு 'பான்கா' என்று பெயர். 15-ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்தில் பணம் புழங்கும் இடமானது. சேர்த்து வைத்து, தேவைப்படும்போது எடுக்கிற இடம் என்பதால் பிளட் பேங்க், கொஸ்டின் பேங்க் எல்லாம் வந்தன. 'பேங்க்ரப்ட்' என்பதும் இங்கிருந்துதான்: 'பான்கா ரோட்டா', அதாவது உடைந்த பெஞ்ச். திவாலானவரின் பெஞ்சை நிஜமாகவே உடைத்தார்கள் என்பது சுவாரசியத்துக்குச் சொல்ற கதை. சொல்லின் பொருள் மட்டும் நிஜம்.

நம்ம கிளாஸ்ரூம் 'பெஞ்ச்' கூட அதே வேர்தான். சர்வேயர்கள் லெவலிங் ஸ்டாஃபைத் தாங்கும் இரும்பைச் செருக, கல்லில் வெட்டிய கோடுதான் 'பெஞ்ச்மார்க்'. இன்று பிராசசர் வேகத்தைக்கூட அந்தப் பெயரில் அளக்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. ஒரே ஸ்பெல்லிங் என்றால் ஒரே வேர் என்று நினைக்காதீங்க. கிரிக்கெட் 'பேட்'டுக்கும் வௌவாலைக் குறிக்கும் 'பேட்'டுக்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்த முறை டெக்ஸ்ட்புக்கில் தெரிந்த வார்த்தை புது வேஷத்தில் வந்தால் பயப்படாதீங்க. நல்ல அகராதியில் அதன் வேரைப் பாருங்க. மேடா, பலகையா, வரிசையா என்று மனசுல ஒரு படம் விழுந்துட்டா, வைவாவிலும் அந்த வார்த்தை மறக்காது.