களவெட்டியில் பாட்டு எதற்கு?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலான ஊர்கள் கடலோரத்தில் நெருக்கமாக அமைந்தவை. வேளாண்மைக் காணிகளோ மேற்கே, சம்மாந்துறைப் பக்கமும் அதற்கு அப்பாலும் கிடக்கின்றன. ஆகவே இப்பகுதி முஸ்லிம் விவசாயிகள் பலருக்கு வீடு ஓரிடம், வட்டை வேறிடம். விதைப்புக்கும் காவலுக்கும் வெட்டுக்கும் வாடியில் தங்குவார்கள். நாம் பண்பாடு என்று பேசும் பல காரியங்கள் ஊரிலல்ல, அந்த வட்டையிலேயே நடந்தன. அவற்றுள் களவெட்டியை மட்டும் இப்பாடத்தில் எடுத்துக்கொள்வோம்.

உழவு இயந்திரம் வருமுன் சூடு மிதித்தவை மாடுகளும் எருமைகளுமே. கதிரைக் களவெட்டியில் பரப்பி, மாடுகளைப் பிணைத்து வளைய வளைய நடத்துவார்கள். பெரும்பாலும் இரவு வேலை. சாய்ப்பவர் கண்ணயர்ந்தால் மாடும் நின்றுவிடும். அதற்காகத்தான் பொலிப்பாட்டு. முஸ்லிம் விவசாயிகள் அல்லாஹ்வையும் நபியவர்களையும் நினைந்து தொடங்குவார்கள்; பக்கத்து வட்டைத் தமிழர் தம் தெய்வங்களை அழைப்பார்கள். செய்யும் வேலை ஒன்றே. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் இப்பகுதி முஸ்லிம்களின் கிராமியப் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால், அவற்றுள் பல இன்று நமக்குக் கிடைத்திரா.

களவெட்டிக்கெனத் தனிப் பேச்சும் உண்டு. அன்றாடச் சொற்கள் சில அங்கே விலக்கு. நெல்லைப் 'பொலி' என்றே சொல்லவேண்டும். வழக்கமான சொல்லைக் கேட்டால் பூதம் நெல்லை அள்ளிப்போய்விடும் என்பது பழைய நம்பிக்கை. சிங்கள விவசாயிகளின் 'கமத்'திலும் இவ்வாறே தனிச் சொற்கள் இருந்தன. பூதக் கதையைக் கேட்டு இளையவர்கள் சிரிக்கலாம், சிரிக்கட்டும். ஆனால் போடியாரின் பங்கு, முல்லைக்காரனின் பங்கு, வெட்டுக் கூலி என எல்லாம் பிரிபடும் இடம் அது. அந்நேரம் வாயை அடக்கிவைத்த வழக்கம் பல சண்டைகளைத் தடுத்திருக்கும் என்பது நமது எண்ணம்.

ஏழையின் பங்கும் விளைச்சலிலிருந்தே கணக்கிடப்படும். மழையால் விளைந்ததில் பத்திலொன்று, செலவிட்டு நீர் இறைத்து விளைந்ததில் இருபதிலொன்று என்பது இஸ்லாமிய ஸக்காத்து விதி. உழவனின் செலவையும் எண்ணிப் பார்த்த சட்டம் இது.

வழிபாடும் வயல்வேலையும் பிணைந்திருப்பது நமது கரையில் மட்டுமல்ல. இந்தோனேசியாவின் பாலித் தீவில் நீரைப் பங்கிடும் விவசாயச் சங்கங்களைச் 'சுபாக்' என்பர். எந்தப் பகுதி எப்போது விதைப்பது, எப்போது தரிசாக விடுவது என்பதை அவர்கள் நீர்க் கோயில்களில் கூடித் தீர்மானித்தார்கள். 1970களில் புதிய நெல்லினங்கள் வந்தபோது, அவரவர் இயன்றவரை அடிக்கடி பயிரிடும்படி அரசு தூண்டியது. கோயில் ஒழுங்கு குலைந்தது. தண்ணீர்த் தட்டுப்பாடும் கபிலநிறத் தத்தியும் வயல்களை வாட்டின. நாம் அறக்கொட்டியான் என்போமே, அதேதான். அயல் வயல்கள் யாவும் ஒன்றாகத் தரிசாகக் கிடந்தால் பூச்சிக்கு இரை இராது. ஸ்டீபன் லான்சிங் என்ற ஆய்வாளர் இதை விளக்கி 1991இல் நூல் எழுதினார். 2012இல் யுனெஸ்கோ சுபாக் நிலத்தோற்றத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

நமது பெரும்போக ஆரம்பக் கூட்டமும் வட்டை விதானையும் இதே வேலையைச் செய்யவே இருக்கிறார்கள். கூட்டத்தில் திகதி குறிப்பார்கள். அதற்கு எத்தனை பேர் கட்டுப்படுகிறார்கள் என்பது வேறு கதை.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இதில் என்ன? 1990இன் வன்செயல்களின் பின் தமிழரும் முஸ்லிம்களும் தம் வயலுக்குப் போகமுடியாதிருந்த போகங்கள் பல. 2004 டிசம்பர் 26 கடற்கோள் வீட்டோடு பலரின் பத்திரங்களையும் கொண்டுபோனது. இன்று அறுவடை இயந்திரம் வெட்டி, அடித்து, தூற்றியும் விடுகிறது. பொலிப்பாட்டுக்கு அங்கே வேலையில்லை. அதை விழா மேடையில் பாடுவது நல்லதே. ஆனால் பாட்டோடு இருந்த ஒழுங்கு மேடைக்கு வராது. எந்த வாய்க்காலை யார் துப்புரவாக்குவது, எந்த வக்கடையை முதலில் திறப்பது என்பவை பெரியவர்களின் நினைவில் மாத்திரம் இருக்கின்றன.

ஆகவே இம்முறை குழுவாகக் கூடும்போது ஒரு கொப்பியை எடுங்கள். பெரியவர்கள் சொல்ல, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதட்டும். வட்டையின் பெயர், வாய்க்காலின் பெயர், களவெட்டி இருந்த இடம், கடைசியாக விதைத்த போகம், தெரிந்த பொலிப்பாட்டு எல்லாம் எழுதப்படட்டும். வடக்கே, கிழக்கே, தெற்கே, மேற்கே யாருடைய காணி என்பதையும் விடவேண்டாம். உறுதியோ அனுமதிப்பத்திரமோ தொலைந்தவர் கச்சேரிக்கோ பிரதேச செயலகத்துக்கோ போனால், அந்த நான்கு எல்லைகளும் கேட்கப்படலாம். அயற்காணிக்காரர் வேறு முகாமிலோ வேறு ஊரிலோ இருந்தால், அவர் தமிழரோ முஸ்லிமோ சிங்களவரோ, தேடிப்போய்க் கேட்டு எழுதுங்கள்.