கொடி நாளும் காயத்தோடு திரும்பியவர்களும்

டிசம்பர் 7 நெருங்கும்போது நம் பள்ளிகளில் சிறு கொடிகளும் உண்டியலும் வலம் வருகின்றன. யாருக்காகக் காசு போடுகிறாய் என்று கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் "ராணுவத்துக்கு" என்பார்கள். துப்பாக்கி வாங்குவதற்கு என்று நினைக்கும் குழந்தையும் உண்டு. 1949 முதல் கடைப்பிடிக்கப்படும் கொடி நாளின் நிதி, போரில் உயிரிழந்தோர் குடும்பங்களுக்கும், உடல் ஊனமுற்றுத் திரும்பியோரின் மறுவாழ்வுக்கும், முன்னாள் படைவீரர் நலனுக்கும் உரியது. இவர்களில் ஊனமுற்றுத் திரும்பியோரைப் பற்றித்தான் வகுப்பில் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம்.

புதுச்சேரியில் இப்பாடத்தைக் கடற்கரைச் சாலையிலேயே தொடங்கலாம். 1938-இல் திறக்கப்பட்ட பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம், முதல் உலகப்போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கானது. காயத்தோடு ஊர் திரும்பிய சொல்தாக்களை எங்கே நினைவுகூர்கிறோம் என்று மாணவர்களிடம் அங்கே கேளுங்கள். பதிலுக்கு அவசரம் வேண்டாம். அதே போரில் காயமடைந்தவர்களுக்குப் பாரிஸின் இன்வாலித் மருத்துவமனையில் இரு பெண்கள் கைத்தொழில் கற்பித்தார்கள். வீரர்கள் துணியிலும் காகிதத்திலும் செய்த நீலப் பூக்கள் விற்கப்பட்டு, பணம் அவர்களுக்கே சேர்ந்தது. 'ப்ளுவே' எனப்படும் அந்தப் பூவைப் பிரான்சில் இன்றும் நவம்பர் 11 அன்று அணிகிறார்கள். நம் கொடிக்கு அது ஒருவகையில் பங்காளி.

உயர்நிலை வகுப்புகளில் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்துகொள்ளலாம். கண்ணிவெடியில் காலிழந்தவருக்கு உடனே செயற்கைக் கால் பொருத்திவிட முடியாது. புண் ஆறி, வீக்கம் வற்ற வேண்டும். எஞ்சிய கால் நாளடைவில் மெலிவதால், அதைத் தாங்கும் கிண்ணம் போன்ற பகுதியை மாற்றவும் நேரும். எடை ஒரே இடத்தில் அழுந்தினால் தோல் புண்ணாகும். பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும் என்ற பாடம் இங்கே உயிர் பெறுகிறது. படைவீரர்களுக்கான செயற்கை உறுப்பு மையம் புனேயில் 1944-இல் தொடங்கப்பட்டது.

1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர், 1972 பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றார். 2008-இல் கண்ணிவெடியில் காலிழந்த தமிழ்நாட்டு வீரர் ஆனந்தன் குணசேகரன், 2019 உலக ராணுவ விளையாட்டுப் போட்டியில் ஓட்டத்தில் தங்கம் வென்றார். இவற்றைச் சொல்லுங்கள், ஆனால் இவற்றோடு நிறுத்திவிடாதீர்கள். பதக்கம் வென்றால்தான் மதிப்பு என்ற எண்ணம் பிள்ளைகளிடம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். செவித்திறன் குறைந்தவர், இரவில் தூக்கம் வராதவர், தீபாவளி வெடிச் சத்தத்தில் திடுக்கிடுபவர் என வெளியே தெரியாத காயங்களும் உண்டு. தொடக்க வகுப்புகளுக்கு இந்தக் கடைசிச் செய்தி ஒன்றே போதும்.

முன்னாள் படைவீரர் ஒருவரை அழைக்க விரும்பினால் முப்படை வீரர் நலத்துறையை அணுகலாம். கேள்விகளை முன்னதாகவே எழுதி வாங்குங்கள், "எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்பது நிச்சயம் இருக்கும். அன்றாட வேலை, பேருந்துப் பயணம், வீட்டுப் படிக்கட்டு பற்றிக் கேட்கப் பழக்குங்கள். அப்படிப்பட்டவரின் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். அக்குழந்தையை எழுப்பி நிற்க வைத்துப் பேசச் சொல்ல வேண்டாம்.

விருந்தினர் வருமுன் வாயிலிலிருந்து மேடைவரை உள்ள படிகளை மாணவர்களே எண்ணிப் பார்க்கட்டும். சாய்தளம் இல்லையென்றால் நிகழ்ச்சியைத் தரைத்தள வகுப்பறையில், வட்டமாக அமர்ந்து நடத்துங்கள்.