222–0, ஆனால் இருவருக்கும் பூஜ்யம்!

சேவுகம்பட்டிப் பக்கம் கபடி பார்த்து வளர்ந்தவரா நீங்க? அப்போ அமெரிக்கன் ஃபுட்பால் சுலபமாகப் புரியும். புரோ கபடியில் தொடர்ந்து இரண்டு ரெய்டு பாயின்ட் இல்லாமல் போனால், மூன்றாவது ‘டூ ஆர் டை’. அங்கே நான்கு முயற்சி. அதற்குள் 10 கெஜம், சுமார் 9 மீட்டர், முன்னேறணும். முன்னேறினால் ‘ஃபர்ஸ்ட் டவுன்’: புதிதாக நான்கு முயற்சி. இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு.

இப்போ ஒரு கணக்கு. 1916 அக்டோபர் 7, அட்லாண்டா. அந்த சீசனில் தோல்வியே காணாத ஜார்ஜியா டெக், நம்மை மாதிரி இன்ஜினியரிங் பசங்க அணி, கம்பர்லேண்டை 222–0 என்று வென்றது. பதிவேட்டில் இரு அணிக்கும் ஃபர்ஸ்ட் டவுன் பூஜ்யம். எப்படி?

கம்பர்லேண்ட் முன்பே அணியைக் கலைத்துவிட்டது. ஆட வராவிட்டால் 3,000 டாலர் அபராதம் என்பதால், கிடைத்த மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வந்தது. அவர்களால் 10 கெஜம் நகர முடியலை. டெக்கோ நான்கு முயற்சிக்குள்ளேயே டச்டவுன் போட்டது. புது வாய்ப்பு தேவைப்படலை.

ஒரே பூஜ்யம், இரண்டு காரணம். லேபில் மல்டிமீட்டர் பூஜ்யம் காட்டினாலும் அப்படித்தான்: கரன்ட் இல்லையா, புரோப் சரியாகத் தொடலையா? கரன்ட் இருக்கும் இடத்தில் மீட்டரைச் சோதித்துவிட்டு மறுபடி அளங்க. வயரில் கை வைப்பது அப்புறம்தான்.