போலந்து கீ, ஜெர்மனி வீடு

இந்த வார எபிசோட்ல டிஆர்எம் பத்திப் பேசினப்போ நேரம் பத்தல. ரீஜன் லாக் விஷயத்தை ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டேன். விட்டதை இங்க எழுதிடறேன்.

2013-ல நடந்தது. வார்சாவில் வேலை பார்த்த நண்பர் ஒருத்தர், அங்க விலை கம்மின்னு எனக்கு ஒரு கேம் வாங்கிட்டு வந்தார். (எந்த கேம்னு இங்க வேண்டாம்.) ஜெர்மனியில் என் வீட்டு கம்ப்யூட்டர்ல டிஸ்க் ஒழுங்கா ஓடுச்சு, இன்ஸ்டாலும் ஆச்சு. டப்பாவுக்குள்ள இருந்த கீயை அடிச்சேன். இந்த நாட்டில் செல்லாதுன்னு திரையில ஒரு வரி. டப்பாவைப் பிரிச்சாச்சு, கடை இருப்பது வார்சாவில். யார்கிட்ட போய்த் திருப்பிக் கொடுக்கிறது?

டிஸ்க்ல ஒரு கோளாறும் இல்ல. பூட்டு இருந்தது சர்வர்ல. கீ என்பது வெறும் எழுத்தும் எண்ணும்தான். அதை அடிச்சதும் சர்வர் ரெண்டு விஷயம் பார்க்கும்: இது அசல் கீயா, ஏற்கெனவே வேற யாராவது பயன்படுத்திட்டாங்களா. திருட்டு காப்பியைத் தடுக்க இந்த ரெண்டும் போதும். ஆனா நீங்க சர்வரோட பேசும்போது உங்க ஐபி முகவரியும் அதுக்குத் தெரியுமே! அதனால நீங்க எந்த நாட்டில இருக்கீங்கன்னு மூணாவதா ஒண்ணு பார்க்கிறதுக்குப் பெரிய செலவே இல்ல. திருட்டுக்காகப் போட்ட பூட்டு, விலையைக் காக்கிற பூட்டா மாறுறது இந்த இடத்துலதான்.

இந்த மாதிரிப் பூட்டுகளைத்தான் ஐரோப்பிய ஆணையம் விசாரிச்சது. ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ், கூடவே பண்டாய் நாம்கோ, கேப்காம், ஃபோகஸ் ஹோம், கோச் மீடியா, ஜெனிமேக்ஸ் என்ற ஐந்து பதிப்பாளர்கள், எல்லாருக்கும் சேர்த்து 2021 ஜனவரி 20 அன்று 78 லட்சம் யூரோ அபராதம். செக், போலந்து, ஹங்கேரி, ருமேனியா, ஸ்லோவாக்கியா, மூன்று பால்டிக் நாடுகள்: இங்க விற்ற கீகளை மத்த நாடுகள்ல திறக்க முடியாதபடி பூட்டினாங்க. சுமார் 100 பிசி கேம்கள், 2010-க்கும் 2015-க்கும் நடுவுல. ஐந்து பதிப்பாளர்களும் ஒத்துழைச்சு அபராதத்தைக் குறைச்சுக்கிட்டாங்க. வால்வ் ஒத்துழைக்கல. அதோட பங்கு 16 லட்சத்துக்கு மேல. வழக்கு லக்சம்பர்க்ல இருக்கிற பொது நீதிமன்றத்துக்குப் போச்சு.

2023 செப்டம்பர் 27 அன்று வால்வின் மனு தள்ளுபடி ஆச்சு. பதிப்புரிமை இருக்கேன்னு சொன்ன வாதத்துக்கு நீதிமன்றம் சொன்ன பதில் முக்கியம்: உரிமையாளருக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச வருமானத்துக்கு உத்தரவாதம் கொடுப்பது பதிப்புரிமையோட நோக்கம் இல்ல, இந்தப் பூட்டு இருந்ததே விலை குறைந்த நாட்டுச் சரக்கு மத்த நாடுகளுக்கு வராம தடுக்கத்தான். அபராதத் தொகையை விட எனக்கு இதுதான் பெருசு. 78 லட்சமெல்லாம் இந்த வியாபாரத்துல டீ செலவு.

ஆனா அவசரப்படாதீங்க. இந்தத் தீர்ப்போட எல்லை ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி. நார்வே உள்ள இருக்கு. லண்டனும் சூரிச்சும் வெளிய. சென்னையில மச்சான் வாங்கி அனுப்புற கீ இங்க திறக்கலன்னா இதைக் காட்டிச் சண்டை போட முடியாது. ஜிஓஜி மாதிரி டிஆர்எம் இல்லாத கடையில வாங்கி, இன்ஸ்டாலரை ஹார்ட் டிஸ்க்ல எடுத்து வெச்சுக்கிட்டா, நாடு மாறினாலும் அது எந்த சர்வரையும் கேட்காது.

ஊர்ல இருக்கிற தங்கச்சி பையனுக்கு ஸ்டீம்ல கேம் கிஃப்ட் பண்ணணுமா? ரெண்டு நாட்டு விலையும் ரொம்ப வித்தியாசப்பட்டா தளமே அனுப்ப விடாது. அதுக்குப் பதிலா டிஜிட்டல் கிஃப்ட் கார்டு அனுப்புங்க. அவனோட வாலட்ல ரூபாயா மாறிச் சேரும், அவன் ஊர் விலைக்கே வாங்கிப்பான்.